மட்டக்குதிரையின் முன்குடுமி



ஏறத்தாழ இரண்டு மாதங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. வினாத்தாள் தயாரிப்பு, திருத்தம், புள்ளிப் பதிவு, பெற்றோர் சந்திப்பு என்று நாள்கள் ஓடிவிட்டன. ஆசிரியர்களாய் இருப்போர் இதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார்கள், பெற்றோர்கள் பொறுத்தருள்க.

தீபாவளிக்கு மறுநாள் என் முன்னாள் மாணவன் ஒருவன் சுபாங் ஜெயாவில் உள்ள என் வீட்டிற்கு வந்திருந்தான். இப்போது படிவம் ஒன்றில் பயில்கிறான். முறுக்கைக் கடித்துக்கொண்டே தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஒரு மட்டக்குதிரையின் முகம். இரண்டு காதுகளுக்கும் இடையிலிருந்து நெற்றியில் புரளும் முடி, கண்களையும் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்த என் துணைவியார், "அழகாக இருக்கிறதே!" என்றார். அந்த முடி ஒரு காலத்தில் நான்கு விரல் நீளத்திற்குக் குட்டையாய், ஓலைக்கூரையின் ஓரத்தைப் போல நேர்கோடாய் நின்றது அவருக்குத் தெரியாது. அதில் எனக்கும் பங்குண்டு என்பதை இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர். என் மேசை இழுப்பறையில் மணிலா அட்டை வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் இருக்கும். அது அட்டைக்கு மட்டும் பயன்படவில்லை என்பதை என் வயதொத்த ஆசிரியர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்! ஆண்பிள்ளைகளின் முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் கழுத்தில் விழக்கூடாது. இரண்டு முறை எச்சரிக்கை. மூன்றாம் முறை கத்தரிக்கோல். பயிற்சிக் கழகத்தில் இதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. பார்த்துப் பழகியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இந்தப் பையன் மாட்டிக்கொண்டான். முன்முடி கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அவனை வகுப்பின் முன்னால் நிற்க வைத்து, "கண்ணை மறைத்தால் பலகை எப்படித் தெரியும்? பலகை தெரியாவிட்டால் பாடம் எப்படி ஏறும்?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே முடியை ஒரு கையால் பிடித்து, குறுக்கே ஒரே வெட்டு. கையை எடுத்துப் பார்த்தால் கோணல். கோணலைச் சரிசெய்ய மறுபடியும் வெட்டினேன். இப்போது மறுபக்கம் கோணல். மூன்றாம் வெட்டில் நேராகிவிட்டது. ஆனால் நெற்றியின் பாதிக்கு மேலே ஏறிவிட்டது. வகுப்பு சிரித்தது. அவன் அழவில்லை. தன் இடத்திற்குப் போய்ப் பயிற்றியைத் திறந்து வைத்துக்கொண்டான். நானும் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று உருபுகள் நடத்தியதாக நினைவு.

திங்கட்கிழமை காலை பள்ளி வாயிலில் அவனுடைய தாத்தா நின்றிருந்தார். பையனுக்கு அவர்தாம் பொறுப்பு. ஒல்லியான உடல், வெயிலில் கறுத்த முகம், கையில் மடித்துப் பிடித்த தொப்பி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, நடந்து போகும்போதே மறுமொழியை ஆயத்தம் செய்துகொண்டேன். விதிமுறை இருக்கிறது, இரண்டு முறை எழுதி அனுப்பினோம், கையொப்பம் இருக்கிறது… இப்படி.

அவர் முடியைப் பற்றிப் பேசவே இல்லை.

"வாத்தியாரய்யா, இன்னிக்குச் சாயங்காலம் நான் வேல செய்யிற லாயத்துக்கு நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமா? பையன் சனிக்கிழமை அங்க ஒரு காரியம் பண்ணிட்டான். கேட்டா, ஐயா சொன்னபடிதான் செஞ்சேன்ங்கிறான். அவன் பொய் சொல்றானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

குதிரை லாயத்துக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று புரியாமலேயே தலையை ஆட்டிவிட்டேன்.

பெரியவரைப் பற்றி இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். அவர் தம் பதினாறாம் வயதில் சிலாங்கூர் குதிரைப்பந்தயக் கழகத்தில் சைஸ் வேலைக்குச் சேர்ந்தவர். சைஸ் என்றால் குதிரைக்காரர்; அரபு மொழியில் பிறந்து, இந்தி வழியாக ஆங்கிலேயர் வாயில் புகுந்து மலாயாவுக்கு வந்த சொல். அந்தக் காலத்தில் குதிரை வண்டி போய் மகிழுந்து வந்த பின்பும் ஓட்டுநரைச் சைஸ் என்றே அழைத்தார்கள். 1896இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் பந்தயத் திடல் அம்பாங் சாலையில் இருந்தது. இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் நிற்கும் அதே இடம்! 1990களின் தொடக்கத்தில் திடல் சுங்கை பீசிக்கு மாறியபோது பெரியவரும் குதிரைகளோடு சுங்கை பீசிக்கு மாறினார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காததால், சுபாங் விமான நிலையத்திற்கு அப்பால் ஒரு சிறிய தனியார் லாயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நம் மக்கள் ரப்பர் வெட்டினார்கள், இரயில் பாதை போட்டார்கள் என்று பாடநூலில் சொல்லிக்கொடுக்கிறோம். சுபாங் ஜெயாவே சீபீல்டு தோட்டத்தின் மீது எழுந்த நகரம் என்பதையும் சொல்கிறோம். பந்தயக் குதிரைகளுக்கு விடியற்காலையில் எழுந்து உடம்பு தேய்த்துவிட்ட தமிழர்களைப் பற்றி நான் ஒரு வரியும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மாலை ஐந்து மணிக்கு லாயத்தை அடைந்தேன். மரத்தூள் வாடை, வைக்கோல் வாடை, மழை பெய்து விட்டிருந்த மண் வாடை. கடைசி அறையில் பழுப்பு நிற மட்டக்குதிரை ஒன்று நின்றது. அதைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. மறு நொடியே அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது.

அதன் நெற்றிமுடி குறுக்கே நேராக வெட்டப்பட்டிருந்தது. மூன்று வெட்டு. முதலில் வலப்பக்கம் கோணல், பிறகு இடப்பக்கம் கோணல், பிறகு நேர். ஒவ்வொரு வெட்டின் தடத்தையும் என்னால் படிக்க முடிந்தது. ஏனென்றால் அது என் கையெழுத்து.

பையன் வாளிக்குப் பக்கத்தில் நின்றான். ஏன் வெட்டினாய் என்று நான் கேட்கவில்லை. தாத்தாதான், "ஐயாகிட்ட சொல்லு" என்றார். "அதுக்குக் கண்ணு தெரியல ஐயா. முடி மறைச்சிக்கிட்டு இருந்துச்சு. பலக தெரியாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல" என்றான்.

குறும்பில்லை, பழிவாங்கலும் இல்லை. நான் கற்பித்ததை அவன் கற்றுக்கொண்டான். கற்றதைத் தனக்குப் பிடித்த ஓர் உயிருக்குச் செய்து பார்த்தான். நூற்றுக்கு நூறு புள்ளி கொடுக்க வேண்டிய மாணவன்!

"பையன் பொய் சொல்லல" என்று பெரியவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான் போலிருந்தது. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குதிரைக்குச் செய்ய வேண்டியதைப் பார்க்கத் தொடங்கினார். என்னையும் நிற்கச் சொன்னார்.

நிற்க. இங்கே ஒரு சொல்லைப் பற்றி. பெரியவர் இந்த முடியை 'முன்குடுமி' என்றார். நான் நெற்றிமயிர் என்று எழுதலாம். 'மயிர்' என்ற நல்ல சொல்லைத் தெருவில் கெடுத்து வைத்திருக்கிறோமே, மாணவர்கள் சிரிப்பார்கள் என்று தயங்குகிறேன். ஆகவே பெரியவரின் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

முன்குடுமி அழகுக்காக மட்டும் வளர்வதன்று. பிடரிமுடியின் முன்பகுதியே உச்சியைத் தாண்டி நெற்றியில் விழுகிறது. மழைநீர் கண்ணுக்குள் வழியாமல் அதன் இழைகள் வழியே இறங்கிச் சொட்டும். வெயிலின் கூச்சத்தைக் குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தலையை ஆட்டும்போதெல்லாம் ஈயை விரட்டும். நம் நாட்டு வெப்பத்தில் லாயத்தில் ஈக்குக் குறைவில்லை. கண்ணோரத்தின் ஈரத்தைத் தேடித்தான் அவை வரும். வந்தால் கண் புண்ணாகும். வாலால் உடம்பை விசிறிக்கொள்ளலாம், கண்ணுக்கு வால் எட்டாதே! பார்வையை அது மறைப்பதும் இல்லை. குதிரையின் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் காண்கிறது. அதற்குத் தெரியாத இடங்கள் இரண்டே. ஒன்று நேர் பின்னால். மற்றொன்று நெற்றிக்கு நேர் முன்னால். முன்குடுமி தொங்குவது பெரும்பாலும் அது எப்படியும் பார்க்காத அந்த இடத்தில்தான்.

"அதனாலதான் நேருக்கு நேரா கைய நீட்டக் கூடாது. அதுக்குக் கை எங்கேருந்து வருதுன்னே தெரியாது. பையன் நேரா நின்னு வெட்டியிருக்கான். அது தலைய வெடுக்குன்னு தூக்கியிருந்தா கத்தரி எங்க போயிருக்கும்?" என்று பெரியவர் கேட்டார். அப்போதுதான் எனக்கு வியர்த்தது. வகுப்பில் அவன் கண்ணுக்கு எதிரே என் கத்தரிக்கோலின் கூர்முனை எவ்வளவு அருகில் இருந்தது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவன் தலையைத் தூக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அவர் செய்ததைச் சொல்கிறேன். குதிரையேற்ற வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படலாம்.

குதிரையின் இடத்தோளுக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் பேச்சு, பிறகுதான் கை. கழுத்தில் தொடங்கி, தடவிக்கொண்டே காதின் அடிக்கு வந்தார். தலைக்கயிற்றைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டவில்லை. தளர்த்திப் பையன் கையில் கொடுத்தார். தலையில் வேலை செய்யும்போது இறுக்கிக் கட்டினால், மிரளும் குதிரை கயிற்றோடு போராடித் தன்னையே காயப்படுத்திக்கொள்ளுமாம். பஞ்சை நனைத்து முன்குடுமியை ஈரமாக்கி, அகன்ற பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுத்தார். ஈரத்தில் முடி சற்று நீளமாகத் தெரியும், அதை நம்பி வெட்டக்கூடாது என்று சொல்லி, முழுவதும் காயும்வரை காத்திருந்தார். அந்தக் கால் மணி நேரம் மூவரும் பேசாமல் நின்றோம். பொறுமையை மாணவர்களுக்குப் போதிக்கும் எனக்கு அந்தக் கால் மணி நேரம் நீளமாகத்தான் இருந்தது.

காய்ந்தபின் ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். அதன் ஒரு பக்கம் சீப்புப் போலப் பல் பல்லாக இருந்தது, முனை மழுங்கியது. முடியை இரு விரல்களுக்கிடையே பிடித்தார். மற்றொரு கையின் விளிம்பு குதிரையின் கண்ணுக்கு மறைப்பாக நின்றது. குறுக்கே வெட்டவில்லை. கத்தரிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகக் கடிக்கவிட்டார். ஒவ்வொரு இழையும் வேறு வேறு நீளமாயிற்று. பிறகு மேலடுக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள முடியில் சிலவற்றை மட்டும் குறைத்தார். இரண்டு கடி, ஒரு சீவல். இரண்டடி பின்னால் வந்து பார்வை. மறுபடி இரண்டு கடி. ஓரங்கள் சற்றுக் குட்டையாகவும் நடு நீளமாகவும் ஆயின. நீளத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. ஆனால் அந்தக் கூரையோரக் கோடு, என் கண்ணெதிரிலேயே கரைந்து போனது!

"கோணல நேராக்கப் போனா இன்னும் குட்டையாகும் வாத்தியாரய்யா. கோட்ட உடைக்கணும். நேராக்கக் கூடாது."

அவர் தொடர்ந்து சொன்ன ஒன்று என்னை வேறெங்கோ கொண்டுபோனது. பந்தயத் திடலில் அவர் இளைஞராய் இருந்தபோது பிடரிமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டவே விடமாட்டார்களாம். சிறு சீப்பில் சில இழைகளைச் சுற்றி, விரலால் பறிப்பார்களாம். நீளமும் குறையும், அடர்த்தியும் குறையும், நுனி இயல்பாகவே இருக்கும். வலிக்காதா என்றேன். சில குதிரை சும்மா நிற்கும், சில குதிரை நிற்காது; நிற்காததை விட்டுவிட வேண்டும் என்றார். (வலிக்கும் என்று சொல்லி இன்று பலர் இந்த முறையைக் கைவிட்டு வருகிறார்கள். பல்கத்தரி இருக்கும்போது பறிப்பானேன் என்பது என் கருத்தும்.) நான் சொல்ல வந்தது வேறு. சங்க இலக்கியத்தில் குதிரையின் பிடரிமுடிக்கு 'உளை', 'சுவல்' என்ற பெயர்கள் உண்டு. அதை ஒழுங்கு செய்வதைப் புலவர்கள் 'கொய்தல்' என்ற வினையால் சொல்கிறார்கள். பூக்கொய்தல், தினை கொய்தல் என்பதில் வரும் அதே வினை. கத்தரித்தல் என்று உரை கூறிக் கடந்துபோயிருக்கிறேன். பூவை யாரும் கத்தரிப்பதில்லை, விரலால் எடுக்கிறோம். பெரியவர் விரலை மடக்கிக் காட்டியபோது, அந்த வினை எவ்வளவு பொருத்தமானது என்று முதன்முறையாகத் தோன்றியது. இலக்கண ஆசிரியர்கள் மறுப்பிருந்தால் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வேன்.

முடி குறைந்ததால் குதிரையின் நெற்றிச் சுழி வெளியே தெரிந்தது. பெரியவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவோடு ஒரு குதிரைச் சந்தை கூடுகிறது. அங்கே வாங்க வருபவர்கள் முன்குடுமியை ஒதுக்கிச் சுழி பார்ப்பார்கள். நல்ல சுழி, கெட்ட சுழி என்று விலை ஏறும், இறங்கும். எனக்கு அந்தப் பலன்களில் நம்பிக்கையில்லை. எனினும் நெற்றிச் சுழி குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால், குதிரையின் அடையாளப் பத்திரத்தில் அதைப் படம் வரைந்து குறிப்பது இன்றும் உலக வழக்கம். நமக்கு விரல்ரேகை, அதற்குச் சுழி.

கண்ணைச் சுற்றியும் மூக்கருகிலும் நீண்டிருந்த தடித்த தனி முடிகளைப் பெரியவர் தொடவில்லை. பையன் அவற்றில் இரண்டை வெட்டியிருந்தான். அதற்குத்தான் அவர் முகம் மிகவும் வாடியது. அவை வெறும் முடியல்ல, தொட்டறியும் உறுப்பு. முகத்தின் முன்னால் பார்வை எட்டாத இடத்தை அவற்றைக் கொண்டுதான் குதிரை அறிகிறது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, 2021ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து, இம்முடிகளை மழித்த குதிரைகளைப் போட்டியில் அனுமதிப்பதில்லை.

வேலை முடிந்து பையன் கயிற்றைத் தாத்தாவிடம் கொடுக்கத் திரும்பினான். மாலை வெயில் அவன் முகத்தில் விழுந்தது. அப்போதுதான் அவனுடைய நெற்றியைப் பார்த்தேன். நான் வெட்டிய நேர்கோடு அங்கே இல்லை! நுனிகள் சிறிதும் பெரிதுமாய் உடைந்து, குட்டையாய் இருந்தாலும் இயல்பாய் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவே பெரியவர் அதைச் சரிசெய்துவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை முழுவதும் அவன் என் கண்முன்னே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். நான் கவனிக்கவே இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்த முடி வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோன அலுவல்.

பெரியவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சீப்பில் சிக்கிய முடியை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். "பையன் தலைக்கு வேற கத்தரிங்க. இது குதிரைக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த மட்டக்குதிரையின் உரிமையாளர் ஒரு பெண்மணி. அவருடைய மகள் இரண்டு வாரத்தில் ஒரு சிறிய போட்டியில் கலந்துகொள்வதாக இருந்தது. போட்டிக்குப் பிடரிமுடியையும் முன்குடுமியையும் பின்னல் போட்டுத் தைப்பது வழக்கம்; நான்கு விரல் முடியில் என்ன பின்னுவது? பெரியவர் உண்மையைச் சொல்லப்போவதாகக் கூறினார். அன்று அவர் வரும்வரை நானும் இருந்தேன். வெட்டச் சொன்னது ஏறத்தாழ நான்தான் என்று மலாய் மொழியில் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். முடியைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. "குதிரையின் கண்ணருகே ஒரு சிறுவன் கையில் கூர்மையான கத்தரிக்கோல் எப்படி வந்தது?" என்று கேட்டார். சரியான கேள்வி. எங்கள் இருவரிடமும் அதற்கு விடையில்லை. பெரியவரின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பையன் ஒரு மாதம் லாயத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். தந்தையும் தாயும் இல்லாமல் தாத்தாவோடு வளரும் அந்தப் பிள்ளைக்குச் சனிக்கிழமை என்றால் அந்த லாயம்தான். அவன் அப்போதுதான் அழுதான்.

மறுநாள் பள்ளியில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பின் முன்னால் அவமானப்படுத்தியதை வகுப்பின் முன்னால்தான் திருப்ப வேண்டும் என்று நினைத்தேன், செய்தேன். "வெள்ளிக்கிழமை நான் செய்தது தவறு" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முன்னிலையில் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. பின்வரிசையில் ஒருவன், "ஐயா, அப்போ நாங்க முடி வளர்க்கலாமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். விதிமுறை அப்படியேதான் இருக்கிறது. இப்போது மூன்றாம் எச்சரிக்கைக்குப் பிறகு பெற்றோரை அழைத்துப் பேசுகிறேன். நேரம் பிடிக்கிறது. முடிதிருத்தகத்துக்குப் பணம் இல்லாத வீடுகள் இரண்டு இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

பெரியவரிடமிருந்து புலனத்தில் ஒரு குரல்பதிவு வந்தது. முன்குடுமி குட்டையாகிவிட்டதால் ஈ கண்ணில் மொய்க்கிறது, நெற்றிப்பட்டையில் கட்டுவதற்கு ஈத்திரை ஒன்று வேண்டும், கடையில் வாங்குவதைவிடப் பையன் கையால் செய்து கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று. ஈத்திரை என்பது மெல்லிய கயிறுகள் வரிசையாய்த் தொங்கும் ஒரு பட்டை. குதிரை தலையை ஆட்ட ஆட்ட, இல்லாத முன்குடுமியின் வேலையை அது செய்யும். கலைக்கல்விப் பாடத்தில் நாம் கயிற்று முடிச்சுகள் கற்றுக்கொடுக்கிறோம் அல்லவா? பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் பருத்தி நூற்கயிறு வாங்கிவந்தேன். பள்ளி முடிந்தபின் நூல்நிலையத்தில் உட்கார்ந்து நானும் அவனுமாக முடிச்சுப் போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். கயிறு மெல்லியதாக இருக்க வேண்டும், எதிலாவது மாட்டினால் அறுந்துவிட வேண்டும், அறாத நைலான் வேண்டாம் என்பது பெரியவரின் கட்டளை. நுனிகள் நேர்கோடாய் இருக்கக்கூடாது என்று பையனே சொல்லி, சிலவற்றைக் குட்டையாக விட்டான். என் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன, அவனுடையவை அவிழவில்லை. நான்கு மாலைகள் ஆயின. அவன் பேசத் தொடங்கியது மூன்றாம் மாலையில்.

போட்டியில் மட்டக்குதிரை பின்னலில்லாத முன்குடுமியோடுதான் நின்றது. பரிசு கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் முடியில்லை, தடையொன்றைத் தாண்ட மறுத்துவிட்டதாம்.

குதிரையின் பிடரிமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்வரைதான் வளரும். ஆகவே போனது திரும்பி வர இரண்டு ஆண்டு ஆகும் என்று பெரியவர் முதல் நாளே கணக்குச் சொல்லிவிட்டார். இன்னொன்றும் செய்தார். கடிவாளத்தின் உச்சிப்பட்டை படிவதற்காகக் காதுகளுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதியை மழித்து வைப்பார்கள். அதை அவர் மழிக்காமல் வளரவிட்டார். வளர்ந்ததும் அந்த முடியை முன்னால் சீவிவிட்டார். முன்குடுமிக்கு அடர்த்தி கூடியது. (அந்தப் பகுதியை மழிக்கும்போது கை சற்று முன்னே நகர்ந்துவிட்டால் முன்குடுமியே போய்விடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். குதிரைகளுக்கு முன்குடுமி பறிபோவது பெரும்பாலும் இப்படித்தானாம்.) ஒரு மாதத் தடை முடிந்ததும் பையன் மறுபடி லாயத்துக்குப் போகத் தொடங்கினான். ஆறாம் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடிக்கோலால் முன்குடுமியை அளந்து ஒரு பழைய பயிற்றியில் எழுதிவந்தான். கணிதத்தில் வரைபடம் வரையச் சொன்னபோது அந்த அளவுகளைத்தான் வரைந்து கொடுத்தான். கணித ஆசிரியர் ஒன்றும் புரியாமல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் வந்தவனின் தலையைப் பார்த்தேன். இடைநிலைப்பள்ளியிலும் அதே விதிமுறைதான் போலும். முடி குட்டையாக, ஒழுங்காக இருந்தது. தாத்தா இப்போது கனமான வேலை செய்வதில்லையாம், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். பல்கத்தரி இவன் பொறுப்பில் இருக்கிறதாம்.

படத்தை இரு விரலால் பெரிதாக்கி, முன்குடுமியின் நுனியைக் காட்டினான்.

"பாருங்க ஐயா, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் கோணல்."

"வெட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டான்.